சொந்தக் கம்பெனியின் விக்கிப்பீடியா கட்டுரையில் கை வைக்கும் முன்

நெல்லைப் பக்கம் கடையோ ஆலையோ பள்ளிக்கூடமோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்பதால் "விக்கிப்பீடியாவையும் நீயே பாத்துக்கோ" என்று பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் இரண்டாவது ரகம். எங்கள் ஆலை ஆலங்குளம் பக்கம், விற்பனைக் கடை நெல்லை டவுனில். பெயர் வேண்டாம். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே ஓர் ஏஜென்சிக்குப் பணம் கொடுத்து ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை போட்டிருந்தார்கள். எழுதிய கணக்கைத் தடை செய்துவிட்டார்கள். எழுதியவருக்கு நிறுவனத்தோடு நெருங்கிய தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது என்று கட்டுரையின் தலையில் ஒரு பட்டை. தொடங்கிய ஆண்டு தப்பு, மாவட்டமும் தப்பு. ஏஜென்சிக்காரர் போனை எடுப்பதில்லை. இதைச் சரிசெய்யப் போய்ப் படித்ததும் பட்டதும்தான் கீழே இருப்பவை.

அடிப்படை விதி இது. உங்களுக்குச் சம்பளம் தருகிற நிறுவனத்தைப் பற்றி நீங்கள் எழுதினால் அது நலமுரண், அதாவது உங்கள் நலனும் கட்டுரையின் நடுநிலையும் மோதுகிற நிலை. அதைச் சொல்லாமல் செய்வது விதிமீறல். சொல்லிவிட்டு நேரடியாகத் திருத்தினாலும் யாரும் வரவேற்கமாட்டார்கள். யார் என்று சொல்லி, பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்க அதனோடு இருக்கும் தனிப் பக்கம்) கேட்டு, சம்பந்தமில்லாத ஒருவர் திருத்தும்வரை பொறுத்திருப்பதுதான் நிற்கும் வழி.

1. முதலாளியிடம் முதலில் பேசுங்கள்

எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் அண்ணாச்சி கேட்டார்: "நம்ம கடையப் பத்தி நம்மள விட எவனுக்குத் தம்பி தெரியும்? நாம எழுதக்கூடாதுன்னா என்ன அர்த்தம்?" நியாயமான கேள்வி. வரன் பார்க்கும்போது மாப்பிள்ளையிடமே போய் 'நீங்கள் எப்படி' என்று கேட்கிறோமா, தெருவில் நாலு பேரிடம்தானே விசாரிக்கிறோம் என்றேன். சிரித்தார். பாதி ஒப்புக்கொண்டார்.

வேலையைத் தொடங்கும் முன் அவரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியவை சில உண்டு. அந்தப் பக்கம் நமக்குச் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். சான்றோடு இருக்கும் கெட்ட செய்தியை எடுக்க முடியாது. விலைப்பட்டியல், கிளை முகவரிகள், 'ஆர்டருக்கு அழைக்க' எல்லாம் அங்கே நிற்காது. இன்னொன்று, நிறைய பேருக்குத் தெரியாதது: விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போகும் இணைப்புகளைத் தேடுபொறிகள் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற குறியோடுதான் 2007 முதல் வைத்திருக்கிறார்கள். உங்கள் வெப்சைட் முகவரியை அங்கே சொருகினால் கூகுளில் மேலே வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாடிக்கையாளர் வருவதுதான் நோக்கம் என்றால் கூகுள் மேப்பில் கடையின் விவரத்தை ஒழுங்காகப் போடுங்கள். போன் நம்பர், திறக்கும் நேரம் எல்லாம் அங்கே நீங்களே எழுதலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

2. கட்டுரைக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

ஏற்கெனவே கட்டுரை இருப்பவர்களும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். தகுதி இல்லை என்று யாராவது கண்டுகொண்டால் இருக்கிற கட்டுரையும் போய்விடும்.

நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாதவர்கள், நம்பகமான இடத்தில், விரிவாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதியிருக்க வேண்டும். இதுதான் அளவுகோல். கடை பெரிதா, வருமானம் எவ்வளவு, எத்தனை தலைமுறை என்பதெல்லாம் கணக்கில் வராது.

கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு பிரிக்கத் தொடங்குங்கள். ஜிஎஸ்டி சான்று, உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், ஐஎஸ்ஓ சான்று, கம்பெனிப் பதிவுச் சான்று எல்லாம் ஒரு பக்கம். இவற்றால் தகுதி வராது. பதிவு ஆண்டு போன்ற ஒரு சின்ன விவரத்துக்கு, அதுவும் பொதுவில் யாரும் பார்க்க முடிகிற ஆவணமாக இருந்தால், சில நேரம் ஒத்துக்கொள்வார்கள். கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தாத்தா காலத்து லைசென்ஸ் உதவாது. அது எங்கேயும் வெளியிடப்பட்டதல்ல.

பேப்பர் கட்டிங் இன்னொரு பக்கம். இதில்தான் நம் ஊரில் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. ஆண்டு விழாவுக்கு நாம் பணம் கொடுத்து வந்த சிறப்பு இணைப்பு, நாம் அனுப்பிய பத்திரிகைச் செய்தியை அப்படியே போட்டது, கிளைத் திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றிய படம், முதலாளி பேட்டி, கோயில் கும்பாபிஷேக மலரில் வந்த விளம்பரம், பணம் கட்டி வாங்கிய விருது. இவை எதுவும் சுதந்திரமான சான்று இல்லை. இந்தியப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தி வேடத்தில் வருவது ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ளவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் நம் ஊர்ச் சான்றை இரண்டு முறை உற்றுப் பார்ப்பார்கள். எங்கள் கோப்பில் கை கனக்கக் கட்டிங் இருந்தது. இவற்றைக் கழித்த பிறகு கையில் நின்றது ரொம்பக் கொஞ்சம்.

பழைய நிறுவனம் என்றால் நூலகத்துக்குப் போங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உள்ளூர் வரலாறு, தொழில் பற்றிய புத்தகங்களைத் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஸ்கேன் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூறு வருடத்துக்கு முந்திய கதை என்றால் எச்.ஆர். பேட் என்பவர் தொகுத்து 1917-இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட கெஜட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு) இருக்கிறது. சான்று இணையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. புத்தகப் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, பக்க எண் இருந்தால் அச்சுச் சான்றும் செல்லும். பேப்பர் என்றால் பெயர், தேதி, பக்கம். பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள், யாராவது கேட்பார்கள்.

ஒன்றும் தேறவில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. திருநெல்வேலி அல்வாவுக்கும் பத்தமடைப் பாய்க்கும் கட்டுரைக்குரிய தகுதி உண்டு என்பதால், அதை விற்கிற ஒவ்வொரு கடைக்கும் உண்டு என்று ஆகிவிடாது.

3. கணக்கைச் சரியான பெயரில் திறங்கள்

கம்பெனிப் பெயரில் கணக்கு திறக்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் பார்த்ததும் தடை செய்வார்கள். ஒரு கணக்கு ஒரு மனிதருக்கு மட்டும். உங்கள் பெயரோ புனைபெயரோ வைக்கலாம், 'இன்னார், இன்ன நிறுவனம்' என்று சேர்த்தும் வைக்கலாம். பாஸ்வேர்டை அலுவலக நோட்டில் எழுதி எல்லாரும் உள்ளே போவது கூடாது.

கடைப் பையன்கள் ஆளுக்கொரு கணக்கு திறந்து 'ஆமாம், இது நல்ல நிறுவனம்தான்' என்று பேச்சுப் பக்கத்தில் எழுதுவது நம் ஊரில் இயல்பாகத் தோன்றுகிற யோசனை. வேண்டாம். ஒரே இணைய இணைப்பிலிருந்து வரும் கணக்குகளைச் சோதிக்க அங்கே தனி அதிகாரம் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். மாட்டினால் எல்லாக் கணக்கும் போகும். அதற்கப்புறம் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது.

4. யார் என்று எழுதி வையுங்கள்

விக்கிப்பீடியாவை நடத்தும் அமைப்பான விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளில் 2014 முதல் இது கட்டாயம். பணம் வாங்கிக்கொண்டு பங்களிப்பவர் மூன்று விவரம் சொல்ல வேண்டும்: பணம் தருவது யார், யாருக்காகச் செய்கிறீர்கள், வேறு என்ன தொடர்பு. அதை உங்கள் பயனர் பக்கத்திலோ, கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலோ, திருத்தத்தோடு எழுதும் சுருக்கத்திலோ சொல்லலாம். நான் முதல் இரண்டிலும் எழுதினேன். பிறகு ஒருவரும் சந்தேகமாகக் கேட்கவில்லை.

'எனக்குத் தனியாகக் காசு தரவில்லையே, மாதச் சம்பளம்தானே' என்று நினைக்கலாம். வேலையின் பகுதியாகச் செய்தால் அதுவும் பணம் வாங்கிச் செய்வதுதான். பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவரைச் செய்யச் சொன்னாலும் அப்படியே. முதலாளியின் மகன், மருமகன் எழுதினால் சம்பளம் இல்லாவிட்டாலும் நலமுரண் இருக்கிறது.

நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: 'நான் இந்த நிறுவனத்தின் அலுவலகப் பணியாளர். இக்கட்டுரை தொடர்பான வேலை என் பணியின் பகுதி. கட்டுரையை நேரடியாகத் திருத்தமாட்டேன், திருத்தங்களைப் பேச்சுப் பக்கத்தில் கோருவேன்.' இவ்வளவு போதும். நிறுவனத்தின் பெருமையை இங்கே அவிழ்க்காதீர்கள்.

5. பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்

முக்கால்வாசி வேலை இதுதான். ஆங்கில விக்கிப்பீடியாவில் நலமுரண் உள்ளவர்கள் திருத்தம் கோருவதற்கென்றே ஒரு வார்ப்புரு (பக்கத்தில் அப்படியே சேர்க்கும் ஆயத்தப் படிவம்) இருக்கிறது. திருத்தக் கோரிக்கை வழிகாட்டி என்று தனிப் பக்கமும் உண்டு. அதில் நலமுரண் என்பதைத் தேர்ந்தால் படிப்படியாக அழைத்துப்போய்க் கோரிக்கையை வரிசையில் சேர்த்துவிடும். வார்ப்புரு இல்லாமல் வெறுமனே எழுதினால் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

ஒரு கோரிக்கையில் ஒரு விஷயம் மட்டும். இருக்கும் வரி என்ன, வேண்டிய வரி என்ன, ஏன், சான்று எது. எங்கள் முதல் கோரிக்கை இது:

'முதல் பத்தியில் ஆலை "திருநெல்வேலி மாவட்டம் ஆலங்குளம்" பகுதியில் இருப்பதாக உள்ளது. "தென்காசி மாவட்டம் ஆலங்குளம்" என்று மாற்றக் கோருகிறேன். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. ஆலங்குளம் வட்டம் இப்போது அதில் உள்ளது. சான்று: மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம். நான் இந்நிறுவனத்தின் பணியாளர்.'

யாருக்கும் வாதாட ஒன்றுமில்லாத கோரிக்கையை முதலில் வைத்தது நல்லதாகப் போயிற்று. யாரோ ஒரு தன்னார்வலர் வந்து மாற்றிவிட்டு, நன்றி என்றுகூட எழுதிவிட்டுப் போனார். தென்காசி, சங்கரன்கோவில், கடையநல்லூர், சுரண்டைப் பக்கம் தொழில் வைத்திருக்கிறவர்கள் உங்கள் கட்டுரையிலும் இதைப் பாருங்கள். பழைய மாவட்டமே நிறைய இடத்தில் இன்னும் நிற்கிறது.

இரண்டாவது கோரிக்கை இடித்தது. தொடங்கிய ஆண்டு. தாத்தா செக்கு போட்ட ஆண்டு ஒன்று, கம்பெனியாகப் பதிந்த ஆண்டு வேறு, ஏஜென்சி எழுதி வைத்தது இரண்டும் இல்லாத மூன்றாவது. தாத்தாவின் ஆண்டுக்கு எங்களிடம் இருந்தது சுவரில் இருக்கும் காகிதமும் வீட்டாரின் வார்த்தையும்தான். விவாதம் நடந்து, கடைசியில் ஆண்டையே கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தப்பான ஆண்டு போனதே லாபம் என்று அண்ணாச்சிக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் அதைவிடப் பெரிய வேலை.

சொற்களில் கவனம் வேண்டும். புகழ்பெற்ற, முன்னணி, பாரம்பரியமிக்க, தரத்தில் சமரசமில்லாத, மக்கள் மனதில் இடம்பிடித்த. இவற்றில் ஒன்று இருந்தாலும் கோரிக்கை முழுவதையும் விளம்பரம் என்று பார்ப்பார்கள். தமிழில் எழுதும்போது 'திரு', 'அவர்கள்', 'நிறுவனத் தந்தை' போன்ற மரியாதைகளும் வேண்டாம். அண்ணாச்சி என்று எழுதிவிடாதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

நேரடியாகச் செய்யக்கூடியவை கொஞ்சம் உண்டு. எழுத்துப்பிழை, யாரோ விஷமமாகக் கிறுக்கியதை எடுப்பது போன்ற, எவரும் மறுக்காத திருத்தங்கள். அதையும் செய்துவிட்டுப் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். கட்டுரையின் வரலாற்றில் எல்லாம் பதிவாகிறது, பின்னால் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியா தனிச் சமூகம். ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டது இங்கே தானாக வராது. வார்ப்புருக்களும் ஒன்றுபோல் இருக்காது. பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டுச் சில வாரம் பாருங்கள். பதில் இல்லையென்றால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் ஒருமுறை, ஒரே முறை, பணிவாகக் கேட்கலாம். அங்கே இருப்பவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம், வங்கி, கம்பெனி என்று வேலை முடிந்து ராத்திரி வந்து உட்காருகிறவர்கள். 'ஏன் இன்னும் செய்யவில்லை' என்ற தொனி வேண்டாம்.

6. புதிய கட்டுரை என்றால்

எழுதியதை நேராகக் கட்டுரையாக வெளியிட்டுவிடாதீர்கள். விளம்பரம் என்று தெரிந்தால் சில நிமிடத்தில்கூட நீக்குவார்கள். ஆங்கிலத்தில் வரைவாக எழுதி மறுஆய்வுக்கு அனுப்பும் முறை உண்டு. அங்கேயும் உங்கள் தொடர்பைச் சொல்லியிருக்க வேண்டும். கம்பெனி வெப்சைட்டில் இருப்பதை வெட்டி ஒட்டினால், அது நீங்களே எழுதியது என்றாலும், பதிப்புரிமை மீறல் என்று போகும். வரைவை ஆறு மாதம் தொடாமல் விட்டால் அதுவும் நீக்கத்துக்கு உரியதாகிவிடும்.

7. படமும் லோகோவும்

ஆலையின் முகப்பை நீங்களே போனில் எடுத்துப் போடுவதுதான் சுலபம். ஆனால் விக்கிப்பீடியாவுக்கான படங்களை வைக்கும் தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றும் உரிமம், யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்கிறது. கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியாது. போட்டிக் கடைக்காரர் எடுத்துப் போட்டாலும் கேட்க முடியாது என்று முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்டுடியோக்காரர் எடுத்த படம் என்றால் அவரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். லோகோவைச் 'சொந்தப் படைப்பு' என்று ஏற்றாதீர்கள்.

அகத்தியர் அருவி கட்டுரையில் உங்கள் கம்பெனி வேன் நிற்கிற படத்தைச் சொருகலாம் என்று யாராவது மார்க்கெட்டிங் யோசனை சொல்வார்கள். 2019-இல் நார்த் ஃபேஸ் என்ற மலையேற்ற உடை நிறுவனம் இதைத்தான் செய்தது. சுற்றுலா இடங்களின் கட்டுரைகளில் தன் பொருள்கள் தெரியும் படங்களை விளம்பர ஏஜென்சி மூலம் மாற்றி வைத்தது. விஷயம் வெளியே தெரிந்து, விக்கிமீடியா வெளிப்படையாகக் கண்டித்து, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

8. கெட்ட செய்தி இருந்தால்

கழிவுநீர்ப் புகார், தொழிலாளர் வழக்கு, ரெய்டு. அழித்தால் திரும்ப வரும், அழித்தவர் யார் என்பதும் சேர்ந்து வரும். வழக்கு முடிந்து விடுதலை ஆகியிருந்தால் அந்தத் தீர்ப்பு பற்றிய செய்தியைச் சான்றாகக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சேர்ப்பார்கள். சான்றே இல்லாத குற்றச்சாட்டு என்றால் அதை எடுத்துச் சொல்லி நீக்கக் கேளுங்கள். உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிய சான்றில்லாத அவதூறு என்றால் விதி உங்கள் பக்கம் கடுமையாகவே இருக்கிறது.

பேச்சுப் பக்கத்தில் 'வக்கீல் நோட்டீஸ் வரும்' என்று மிரட்டினால் கணக்கைத் தடை செய்வார்கள். கோர்ட்டுக்குப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு, அது வேறு. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் விக்கிமீடியா மீது வழக்குப் போட்டது. அந்த வழக்கைப் பற்றியே விக்கிப்பீடியாவில் ஒரு தனிக் கட்டுரை வந்தது.

9. ஏஜென்சிகள்

எங்களிடம் வாங்கியது ரூ.35,000. விக்கிப்பீடியாவில் எழுதவும், கோரிக்கை வைக்கவும், மறுஆய்வுக்கும் கட்டணம் ஒரு பைசா கிடையாது. 'உள்ளே ஆள் இருக்கிறார், அப்ரூவல் வாங்கித் தருகிறோம்' என்பவர் ஏமாற்றுகிறார். வரைவு நிராகரிக்கப்பட்ட சில நாளில் 'நாங்கள் போட்டுத் தருகிறோம்' என்று மெயில் வந்தால் இன்னும் கவனமாக இருங்கள். 2015-இல் இப்படி ஒரு கூட்டம் பிடிபட்டது. நிராகரிக்கப்பட்டவர்களைத் தேடிப்போய்க் காசு வாங்கிக் கட்டுரை போடுவது, அப்புறம் அதைக் 'காப்பாற்ற' மாதாமாதம் கேட்பது. 381 கணக்குகள் தடையாகின, அவர்கள் போட்ட 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. காசு கொடுத்தவர்களில் சின்னத் தொழில் செய்கிறவர்கள் நிறைய.

ஏஜென்சிக்காரரைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: 'உங்கள் விக்கிப்பீடியா பயனர்பெயர் என்ன?' இந்தச் சேவையை விளம்பரம் செய்கிறவர் தன் கணக்குகளை அந்த விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று பயன்பாட்டு விதி இருக்கிறது. மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள்.

10. செலவும் காலமும்

செலவு என்று பார்த்தால் நூலகத்துக்குப் பஸ் கட்டணம், ஜெராக்ஸ், உங்கள் நேரம். கணக்கு திறப்பது அப்போதே முடியும். ஆங்கிலத்தில் சில பக்கங்களைத் தொட நான்கு நாளும் பத்துத் திருத்தங்களும் ஆகியிருக்க வேண்டும், ஆனால் பேச்சுப் பக்கத்தில் கேட்க அது தேவைப்படுவது அரிது. கோரிக்கைக்குப் பதில் சில நாளில் வரலாம், மாதங்களும் ஆகலாம். வரைவு மறுஆய்வும் அப்படித்தான். தீபாவளி விற்பனைக்குள் கட்டுரை வேண்டும் என்று யாராவது தேதி குறித்தால் அப்போதே முடியாது என்று சொல்லிவிடுங்கள். கட்டுரையை நீக்கலாமா என்ற விவாதம் தொடங்கினால் ஆங்கிலத்தில் வழக்கமாக ஏழு நாள் நடக்கும். அந்த ஏழு நாளும் தினமும் பாருங்கள், வாக்குக் கேட்டு ஆள் திரட்டாமல் சான்றை மட்டும் எடுத்து வையுங்கள்.

கோரிக்கைகளுக்கு ஒரு தாள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: கேட்ட தேதி, கேட்டது என்ன, கொடுத்த சான்று, வந்த பதில். முதலாளி கேட்கும்போது காட்ட அது உதவும். வேலையை விட்டுப் போகும்போது பயனர் பக்கத்தில் இன்ன மாதத்தோடு அந்த நிறுவனத்தில் இல்லை என்று எழுதிவிட்டு, தாளை மட்டும் அடுத்து வருபவரிடம் கொடுங்கள். கணக்கை அவர் தன் பெயரில் புதிதாகத் திறந்துகொள்ளட்டும்.